இணைத்தலும் விடுவித்தலும்

கணிப்பொறி நுழையாத துறை இன்று இல்லை என்பது எல்லாரும் சொல்லிப் பழகிய செய்தி. ஆகவே அதன் பெருமையை மறுபடியும் பாடாமல், நாள்தோறும் நாம் செய்கின்ற, ஆனால் நின்று எண்ணிப் பாராத ஒரு சிறு செயலைப் பற்றி எழுத முன்வந்தோம். பென் டிரைவைச் செருகுகிறோம். வேலை முடிந்ததும் பிடுங்குகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவில் கணிப்பொறிக்குள் நடப்பதென்ன? செருகுவதும் இணைப்பதும் ஒன்றா? பிடுங்குவதும் விடுவிப்பதும் ஒன்றா? இல்லை. மதிப்பெண் பட்டியல் நகல், பட்டா நகல், அக்காளின் திருமணப் படங்கள், பொதுத்தேர்வுக்கான திட்டப்பணி என எத்தனையோ குடும்பங்களின் முக்கியமானவை இன்று விரல் நீளப் பொருள் ஒன்றில் அடங்கிக் கிடப்பதால், இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது கணினி அறிவியல் பிரிவு மாணவியராகிய எங்களுக்கு மட்டும் உரிய வேலையன்று என்று கருதுகிறோம்.

2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்புப் பயின்றோர் அவற்றைப் பெற்றனர். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் ஏற்றித் தரப்பட்டது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. மடிக்கணினியைத் திறந்தவுடன் இரண்டில் எது வேண்டுமென்று கேட்கும். பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்துகொண்டு மற்றதைத் தொட்டும் பார்க்கவில்லை. இது வருந்தத்தக்கதே. 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புதிய பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸும் இடம் பெற்றது. ஆகவே லினக்ஸ் நம் பள்ளிகளுக்கு அந்நியமன்று. வீட்டிலேயே இருந்தும் நாம் பேசிப் பழகாத உறவினர் போன்றது.

லினக்ஸின் மூதாதை யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் 1969-இல் தொடங்கிய இயங்குதளம் அது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் போக்கைப் பின்பற்றித் தாமே புதிதாக எழுதத் தொடங்கியதே லினக்ஸ். யூனிக்ஸ் வழிவந்த எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. கணிப்பொறியில் எத்தனை வட்டுகள் இருந்தாலும் கோப்புகள் யாவும் ஒரே மரத்தில் இருக்கும்.

மரம் என்று நூல்கள் சொல்லும். தஞ்சை மாவட்டத்தார்க்கு ஆறு என்றால் இன்னும் எளிதில் விளங்கும். கல்லணையில் நின்று கிழக்கே பாருங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகின்றது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்து அனுப்பிவிட்டு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என மேலும் பிரிகின்றது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்ணி வாய்க்கால், அதிலிருந்து மடை, மடை திறந்தால் வயல். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் அவர் வயலுக்கு நீர் வரும் வழியைக் கேட்டால், கல்லணை, வெண்ணாறு, பாமணியாறு, இன்ன வாய்க்கால் என்று படிப்படியாகச் சொல்லிவிடுவார். யூனிக்ஸில் ஒரு கோப்பின் முகவரியும் இவ்வாறே அமைகின்றது. தொடக்க இடத்துக்கு 'ரூட்', அதாவது வேர், என்று பெயர். எழுதும்போது ஒரு சாய்கோடு மட்டும் இடுவர். /ஹோம்/மாணவி/கட்டுரை என்றால், வேரிலிருந்து ஹோம் என்னும் கிளை, அதில் மாணவி என்னும் கிளை, அதன் நுனியில் கட்டுரை என்னும் கோப்பு.

விண்டோஸில் அப்படியன்று. அங்கே ஒவ்வொரு வட்டும் தனித்தனி மரம்; சி, டி, இ என்று எழுத்துகளால் அழைக்கப்படும். ஆற்றை நம்பாமல் ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு போர் போட்டு மோட்டார் வைத்துக்கொள்வதைப் போன்றது. அதிலும் வசதி இல்லாமலில்லை. ஆனால் நேற்று இ என்றிருந்த பென் டிரைவ் இன்று எஃப் என்று வந்து நிற்கும் தொல்லையும் அதில் உண்டு.

இனி, புதிதாக ஒரு வட்டு வந்தால் அந்த ஒற்றை மரத்தில் அது எப்படிச் சேரும்? இதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கின்றது. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-ஆம் ஆண்டில் கல்லணைக் கால்வாயும் பாசனத்துக்கு வந்தது. தஞ்சை நகரத்தார் இன்றும் அதனைப் 'புது ஆறு' என்றே சொல்வர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்கள் அதற்கு முன்பும் அதே இடத்தில்தான் இருந்தன. ஏரியையும் மழையையும் நம்பியிருந்தன. ஆனால் காவிரி என்னும் மரத்தில் அவற்றுக்கு இடமில்லை. கல்லணையில் ஒரு தலைப்பு அமைத்துக் கால்வாயை இணைத்த பின் அவையும் காவிரிப் பாசனத்தைச் சேர்ந்தன. நிலம் ஓரடியும் நகரவில்லை. அதற்கு வழி பிறந்தது. யூனிக்ஸில் 'மவுண்ட்' என்பதும் இதுவே. வட்டில் உள்ளதைக் கணிப்பொறிக்குள் கொட்டி நிரப்புவதன்று. வட்டுக்கு மரத்தில் ஒரு தலைப்பு அமைத்துக் கொடுப்பது. அந்தத் தலைப்பை 'மவுண்ட் பாயிண்ட்' என்பர். பெரும்பாலும் வெற்றுக் கோப்புறை ஒன்றே அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும்.

பென் டிரைவைச் செருகியதும் கணிப்பொறிக்கு மின் தொடர்பு மட்டுமே கிடைக்கின்றது. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் அதற்கு /டெவ்/எஸ்டிபி1 என்பது போன்ற ஒரு கருவிப் பெயர் தருகின்றது. அந்நிலையில் அது எழுத்து தெரியாத ஓலைக்கட்டு. உள்ளே கோப்புகள் இருப்பது தெரியாது. மவுண்ட் என்னும் கட்டளை வந்த பிறகே, வட்டின் தலைப்பகுதியைப் படித்து, அது எந்த முறையில் எழுதப்பட்டது, ஃபேட்32-ஆ, என்டிஎஃப்எஸ்-ஆ, லினக்ஸுக்கே உரிய ஈஎக்ஸ்டி4-ஆ என்று கெர்னல் அறிகின்றது. தன் அட்டவணையில் பதிகின்றது. குறித்த கோப்புறையில் அதனைச் சேர்த்துவைக்கின்றது. அதன் பின் /மீடியா/மாணவி/திட்டப்பணி என்று நடந்து போனால் நாம் நிற்பது பென் டிரைவுக்குள். எந்த இடத்தில் வட்டு மாறியது என்பது நடப்பவருக்குத் தெரியாது. கல்லணைக் கால்வாயில் இறங்கிக் குளிப்பவர், இது புதுத் தண்ணீர், அது பழைய தண்ணீர் என்று பிரித்தறிய முடியுமா?

இந்த ஏற்பாடு யூனிக்ஸ் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1971 நவம்பரில் தேதியிட்ட முதற்பதிப்புக் கையேட்டிலேயே மவுண்ட், யூமவுண்ட் என்னும் இரு கட்டளைகளும் உள்ளன. 'அன்மவுண்ட்' என்று இருக்க வேண்டிய சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டு யூமவுண்ட் என்றே நிலைத்துவிட்டது. புதிதாகக் கற்பவர் பலரும் அந்த எழுத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்னும் விடையைக் கண்டு விழிப்பதுண்டு. 1974-இல் ரிட்சியும் தாம்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், மரத்தின் நுனியிலுள்ள ஓர் இலையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு முழுக் கிளையையே வைப்பதாக இச்செயலை விளக்குகின்றனர். அவர்கள் பயன்படுத்திய, கழற்றி மாட்டத்தக்க வட்டு ஒன்றின் கொள்ளளவு 25 லட்சம் பைட்டுகள். இன்று கடையில் கிடைக்கும் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அத்தகைய வட்டுகள் 12,800 அடங்கும். அளவு இவ்வளவு பெருகியும், மாட்டும் முறையும் கழற்றும் முறையும் அடிப்படையில் மாறவில்லை என்பது எங்களுக்கு வியப்பாகவே இருக்கின்றது.

ஒரு நுட்பம். ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஒரு கோப்புறையின் மேல் வட்டை இணைத்தால் அக்கோப்புகள் என்னவாகும்? அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கோலத்தின் மேல் பாய் விரித்தாற்போல அவை மறைந்திருக்கும். விடுவித்தவுடன் மீண்டும் தோன்றும். 'நேற்று வைத்த கோப்பு இன்று காணவில்லை' என்று கலங்குவோர் முதலில் பாயைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

யார் வேண்டுமானாலும் இணைக்கலாமா என்றால், பழைய யூனிக்ஸில் கூடாது. ஆற்றின் ஷட்டரை லஸ்கர்தான் ஏற்றி இறக்குவார். வயல்காரர் தாமே கை வைக்க முடியாது. அதுபோலவே தலைமைப் பயனருக்கு மட்டுமே அந்த உரிமை. வெளியிலிருந்து வரும் வட்டில் தீங்கு செய்யும் நிரல்கள் இருக்கக்கூடும் என்பதே காரணம். இக்காலத்து லினக்ஸில் செருகியவுடன் படம் தோன்றுகிறதே என்று கேட்கலாம். நமக்காக ஒரு பணியாள் நிரல் பின்னாலிருந்து அந்த வேலையைச் செய்கின்றது. நிலையாக உள்ள வட்டுகளுக்கோ, ஒவ்வொரு முறை கணிப்பொறி எழும்பும்போதும் எதை எங்கே இணைப்பதென்று ஒரு பட்டியல் உண்டு. /ஈடிசி/எஃப்எஸ்டேப் என்பது அதன் பெயர். ஐயத்துக்குரிய வட்டைப் 'படிக்க மட்டும்' என்று இணைக்கவும் வழி உள்ளது. பழுதான மெமரி கார்டிலிருந்து படங்களை மீட்க முயல்வோர்க்கு இது பேருதவி. அதில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாது.

இனி விடுவித்தல். ஏர் பூட்டுவதைக் காட்டிலும் ஏர் அவிழ்ப்பதில் கவனம் வேண்டுமா என்று கேட்டால் உழவர் சிரிப்பார். கணிப்பொறியிலோ அப்படித்தான் இருக்கின்றது.

அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தின் முன்னால் நெல் குவிந்து கிடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நெல் களத்துக்கு வந்தாயிற்று. ஆனால் எடை போட்டு, மூட்டை பிடித்து, ஏட்டில் வரவு வைத்து, கிடங்குக்குள் அடுக்கினால்தானே அது பத்திரம்? அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் வீட்டார் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பென் டிரைவில் ஒரு கோப்பைப் படியெடுக்கும்போது நடப்பதும் இதுவே. கணிப்பொறியின் நினைவகம் மிக விரைவானது. பென் டிரைவோ மந்தம். ஆகவே கெர்னல் வந்த தரவை எல்லாம் முதலில் நினைவகமாகிய களத்தில் இறக்கிக்கொண்டு, 'வந்து சேர்ந்தது' என்று நமக்குச் சொல்லிவிடுகின்றது. பிறகு சிறுகச் சிறுகக் கிடங்குக்கு அனுப்புகின்றது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் சிறிய கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 வினாடி வரை களத்திலேயே கிடக்கலாம். அதன் பின்னரே அதற்கு முறை வரும். பெரிய கோப்பாயின் முன்னதாகவே எழுதத் தொடங்கினாலும் முடிக்கப் பல நிமிடம் ஆகலாம். திரையில் வேலை முடிந்ததாகக் காட்டிய பிறகும் பென் டிரைவின் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நெல் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றது என்பது அதன் பொருள்.

இது கணிப்பொறியின் சோம்பல் அன்று. ஒரே கோப்பை நாம் பத்து முறை திருத்தினால் பத்து முறையும் வட்டில் எழுதுவதை விட, கடைசியாக ஒரு முறை எழுதுவது சிக்கனம். பென் டிரைவின் நுண்சில்லு ஓரளவு முறைதான் அழித்தெழுதத் தாங்கும். ஆகவே இச்சிக்கனம் அதன் ஆயுளையும் காக்கின்றது.

யூமவுண்ட் என்று கட்டளையிட்டால் கெர்னல் மூன்று செயல்களைச் செய்கின்றது. களத்தில் மிஞ்சியதை எல்லாம் வட்டில் எழுதி முடிக்கின்றது. வட்டின் கணக்கேட்டைச் சரிசெய்து, 'முறையாக மூடப்பட்டது' என்று குறிக்கின்றது. பின்னர் மரத்திலிருந்து கிளையைப் பிரிக்கின்றது. இவற்றில் கணக்கேட்டை எங்கள் தோழியருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வட்டிலும் எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கின்றது என்று ஓர் ஏடு உண்டு. நெல் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து ஏட்டில் வரவு எழுதாமல் போனால், அந்த நெல் யாருடையது? பாதியில் பிடுங்கிய பென் டிரைவில் சில வேளை கோப்பின் பெயர் இருக்கும், அளவு சுழியாயிருக்கும். சில வேளை அன்று தொடாத பழைய கோப்பும் கூடச் சேர்ந்து கெடும். ஏட்டின் ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் கணக்கு இருந்திருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவி, தன் திட்டப்பணியைக் கடைவீதியிலுள்ள ஒரு கணினி மையத்தில் தட்டச்சு செய்வித்தாள். அடுத்த ஆள் காத்திருந்ததால், அங்கிருந்தவர் படியெடுத்தது முடிந்ததென்று திரையில் கண்டதும் வெடுக்கென்று பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து திறந்தபோது தலைப்பு மட்டும் நின்றது, இருபத்தெட்டுப் பக்கங்களைக் காணவில்லை. மறுநாள் மையத்தின் கணிப்பொறியிலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டிருந்தனர். அப்பெண் மூன்று இரவுகள் கண்விழித்து மீண்டும் எழுதிச் சமர்ப்பித்தாள். அவள் தந்தை கூலிக்கு நடவு வேலை பார்ப்பவர். இரண்டாம் முறை தட்டச்சுக்குக் கொடுக்கப் பணமில்லாததால் கையாலேயே எழுதினாள்.

மின்வெட்டு என்பது எல்லா வட்டுகளையும் ஒரே நொடியில் பிடுங்குவதற்குச் சமம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது நம் மாவட்டங்களில் மின்சாரம் போனது போனதுதான். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. மேசைக் கணிப்பொறிக்கு அது இல்லை. இத்தகைய இடர்களுக்காகவே 2001-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ஈஎக்ஸ்டி3 முறையும் அதன் பின்வந்த ஈஎக்ஸ்டி4 முறையும் ஒரு குறிப்பேடு வைத்துள்ளன. ஏட்டில் மாற்றம் செய்யுமுன் என்ன செய்யப்போகிறோம் என்பதை அக்குறிப்பேட்டில் எழுதிவிடும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப எழும்பும்போது குறிப்பேட்டைப் படித்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். ஏடு தப்பும், கடைசி நேரத்தில் களத்தில் கிடந்த தரவு தப்பும் என்று உறுதி சொல்ல முடியாது. பென் டிரைவுகளில் வழக்கமாக உள்ள ஃபேட்32-க்கோ அந்தக் குறிப்பேடும் கிடையாது.

சில வேளை யூமவுண்ட் என்று சொன்னாலும் கணிப்பொறி மறுத்துவிடும். 'இலக்கு வேலையில் இருக்கின்றது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். உடனே சினந்து பிடுங்கிவிடுவோர் உளர். உண்மையில் அது பணிவான எச்சரிக்கை. வாய்க்காலில் ஆள் இறங்கி நிற்கும்போது ஷட்டரை இறக்காதே என்பது போன்றது. அந்த வட்டிலுள்ள கோப்பு ஒன்று ஏதோ ஒரு நிரலில் திறந்திருக்கும். அல்லது கட்டளைச் சாளரம் ஒன்று அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். பெரும்பாலும் கட்டளை இடுகின்றவரே உள்ளே நிற்பார்! வெளியே ஒரு படி வந்துவிட்டு மீண்டும் இட்டால் கேட்கும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் என்னும் கட்டளைகள் காட்டிக்கொடுக்கும். களத்தில் உள்ளதை மட்டும் இப்பொழுதே எழுது, கிளையைப் பிரிக்க வேண்டாம் என்பதற்கு 'சிங்க்' என்னும் கட்டளை உண்டு. நீண்ட கட்டுரை தட்டுவோர் இடையிடையே அதனைப் பயன்படுத்தலாம்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினி உடையோர்க்கு இன்னொரு செய்தி. விண்டோஸ் 8 முதல், 'அணை' என்று சொன்னாலும் அது முழுதும் அணைவதில்லை. அடுத்த முறை விரைந்து எழும்புவதற்காகப் பாதி உறக்கத்தில் இருக்கும். அப்போது அதன் வட்டு முறையாக விடுவிக்கப்படாத நிலையில் கிடக்கும். லினக்ஸில் நுழைந்து அந்த வட்டைத் திறக்க முயன்றால், படிக்க மட்டும் விடும், அல்லது இணைக்கவே மறுக்கும். வட்டு கெட்டுவிட்டதென்று பழுது பார்க்கும் கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் வசதியை நீக்கிவிட்டு அணைத்தால் போதும்.

விண்டோஸில் பிடுங்கிப் பழகியவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாதிடுவதுண்டு. அதில் பாதி நியாயம் இருக்கின்றது. 2018-இல் வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், பென் டிரைவுகளுக்குக் களத்தில் தேக்கிவைக்காமல் அப்போதைக்கப்போதே எழுதும் முறை இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. அங்கேயும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கேடுதான். அந்தப் பழக்கத்தோடு லினக்ஸ் கணிப்பொறிக்கு வருவோரே அதிகம் இழக்கின்றனர்.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. மெமரி கார்டு போடும் வசதியுள்ள கைப்பேசியில் அமைப்புகள் பகுதிக்குள் சென்று சேமிப்பகம் என்பதைத் திறந்தால், கார்டின் பெயருக்குப் பக்கத்தில் 'அன்மவுண்ட்' என்றோ 'வெளியேற்று' என்றோ இருக்கும். 1971-ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்த அதே யூமவுண்ட்தான் விடுபட்ட எழுத்து சேர்ந்து அங்கே நிற்கின்றது. அதனைத் தொட்டு, கார்டு விடுவிக்கப்பட்டதென்று செய்தி வந்த பிறகு தட்டை வெளியே இழுக்கலாம். கணிப்பொறியில் மேல்நோக்கிய அம்புக்குறியுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் போதும். பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது மின்னுவது நிற்கும்; பக்கப்பட்டியிலிருந்து அதன் பெயரும் மறையும். அதன் பின் கழற்றலாம்.